அறுபத்து மூன்று குளியலறைகளும் ஒரு நீலச் சேட்டும்

றெக்சன் வேலை செய்கிற படம் என்று உலகத்தில் ஒன்றுகூட இல்லை. குளியலறைத் தரைக்கும் சுவருக்கும் ரைல்ஸ் பதிப்பது அவனுடைய தொழில். மெல்பேர்னின் தென்கிழக்கே, கிரான்பர்னிலும் அதைச் சுற்றிப் புதிதாக முளைத்த குடியிருப்புகளிலும், நாலு வருடமாக முழங்காலில் நின்று உழைத்தவன். படங்களும் இல்லாமல் இல்லை, அறுபத்து மூன்று இருந்தன. எல்லாவற்றிலும் றெக்சன் இருந்தான். ஒன்றிலும் வேலை இல்லை.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அவன் பிறந்த மன்னாரில் படம் எடுப்பதென்றால் முகம் கழுவி, தலை இழுத்து, நல்ல சேட்டுப் போட்டுக்கொண்டு நிற்பார்கள். சீமெந்து காய்ந்த கையோடு படத்துக்கு நின்றால் பெற்றவளைத்தான் ஊர் கேட்கும். ஆகவே வேலைக்குப் போகிற வானின் பின்கதவுக் கொளுவியில் ஒரு நீலச் சேட்டு எப்போதும் தொங்கிக்கொண்டிருந்தது. மனைவி பிறின்சி கிழமைக்கு ஒருதரம் அதைத் தோய்த்து, அயன் பண்ணித் திரும்பக் கொளுவிவிடுவாள். ஒரு குளியலறை முடிந்ததும் றெக்சன் தோட்டத்துக் குழாயில் முகம் கழுவி, சேட்டை மாற்றிக்கொண்டு உள்ளே வருவான். ஒரு வீட்டுக்காரி அவனை வீடு வாங்க வந்தவர் என்று நினைத்துக் கோப்பி போட்டுக் கொடுத்ததும் நடந்திருக்கிறது. அவன் குடித்துவிட்டு நன்றி சொன்னான்.

படம் எடுப்பவர் முதலாளி ஸ்ரீகாந்தன், எல்லோருக்கும் சிறி அண்ணை. யாழ்ப்பாணத்தவர், ஐம்பத்தெட்டு வயது. ஒவ்வொரு வேலை முடிவிலும் பேஸ்புக்கில் போடுவதற்காகப் போனை நீட்டுவார். அதே படத்தை றெக்சன் மன்னாரில் இருக்கும் தாய் பேர்ளுக்கு அனுப்புவான். பூசை முடிந்து மாதா கோயிலால் வரும்போது பேர்ள் அயலவர்களுக்கு அதைக் காட்டி, "மகன் அங்க குளியலறையள் பாக்கிறவர்" என்பார். அதில் பொய் ஒன்றுமில்லை. பதித்து முடித்ததை அவன் பார்க்கத்தான் செய்தான்.

சிறி அண்ணைக்கு ஒன்று மட்டும் விளங்கியதே இல்லை. றெக்சன் ஒருபோதும் நடுவில் நிற்கமாட்டான். ஒரு வீட்டில் கதவோடு ஒட்டிக்கொண்டு நிற்பான், அடுத்த வீட்டில் கொமட்டுக்கும் சுவருக்கும் இடையில் செருகிக்கொண்டு நிற்பான்.

"டேய், கொமட்டோட என்னடா உனக்கு உறவு? நடுவில வா."

"இஞ்சதான் அண்ணை வெளிச்சம் நல்லா இருக்கு."

பதினேழாவது படம் இன்னும் மோசம். அது சிறி அண்ணையின் சொந்த வீட்டுக் குளியலறை. அதில் றெக்சன் தொட்டிக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டிருந்தான். "ஏன் இந்தப் பிள்ளை வயித்துக்குத்துக்காரன் மாதிரி இருக்குது?" என்று சிறி அண்ணையின் மனைவி தவநாயகி கேட்டார்.

அந்தக் குளியலறையில் சிறி அண்ணைக்குத் தனிப் பெருமை. முழங்கால் இரண்டும் கெட்டு ஆறு வருடமாக ரைல் தொடாதிருந்தவர், சொந்த வீடு என்றதும் மனம் கேளாமல் தொட்டிக்குப் பக்கத்தில் தன் கையால் ஐந்து ரைல் வைத்தார். அதன்பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் தேத்தண்ணீருக்கு முதல் குளியலறைக்குக் கூட்டிப் போவார். "இந்த அஞ்சும் என்ர. பழைய கை" என்பார். கலியாணக் காட் கொடுக்க வந்தவர்கள்கூடப் பார்த்துவிட்டுத்தான் கதிரையில் இருக்க வேண்டும்.

இனி விசாக் கதை. றெக்சன் இந்த நாட்டுக்குள் வந்தது பிறின்சியின் மாணவர் விசாவில் ஒட்டிக்கொண்டு. அந்த விசா யூன் முப்பதாம் திகதியோடு முடிகிறது. அவளுடைய படிப்பை வைத்து அதற்குமேல் நிற்க வழியில்லை. முதல் வருடம் றெக்சன் வாளி தூக்கினான், சம்பளச் சீட்டில் "லேபரர்", அதாவது கூலியாள், என்று போட்டார்கள். இரண்டாம் வருடத்திலிருந்து ரைல் பதிக்கிறான், சீட்டில் இன்னும் லேபரர்தான். அதை மாற்ற வேண்டும் என்று சிறி அண்ணைக்குத் தோன்றவில்லை, கேட்க வேண்டும் என்று றெக்சனுக்குத் தெரியவில்லை. மகள் டிலக்சி இரண்டாம் வகுப்பில் படித்தாள். யூலை மாதப் பிறந்தநாளுக்கு வகுப்பில் பதினொரு பேருக்கு அழைப்புச் சொல்லியிருந்தாள். அப்போது தாங்கள் எந்த நாட்டில் இருப்போம் என்பதை அவளுக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

மாசி மாதத்தில் றெக்சனும் பிறின்சியும் தர்சினியிடம் போனார்கள். விசா விண்ணப்பங்கள் செய்து கொடுக்கும் முகவர் அவள். கெட்டிக்காரி, சிரிக்க மாட்டாள்.

"மூண்டு கதவு இருக்கு, றெக்சன் அண்ணா" என்றாள். "முதலாவது, நீங்கள் உண்மையான ரைலர், ரைல் பதிக்கிற ஆள் எண்டு தொழில் மதிப்பீடு செய்யிற ஆக்கள் சொல்லோணும். ரெண்டாவது, உங்கட முதலாளி 'எனக்கு இந்த ஆள்தான் வேணும்' எண்டு நொமினேசனில கையெழுத்து வைக்கோணும். மூண்டாவதுதான் விசா. முதல் ரெண்டும் திறந்தா மூண்டாவதுக்கு நான் பொறுப்பு. வேலை செய்யிற படங்கள் இருக்கா?"

றெக்சன் பெருமையோடு போனைக் கொடுத்தான். தர்சினி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். இருபதாவது படத்தில் நிமிர்ந்தாள்.

"இதில ரைலர் ஆர்?"

"நான்தான் தங்கச்சி."

"நீங்கள் கவுன்சிலால பரிசோதிக்க வந்த ஆள் மாதிரியெல்லோ நிக்கிறியள்."

பிறின்சி குனிந்துகொண்டாள். அயன் பண்ணியது அவள்தானே.

சிறி அண்ணை எழுதிக் கொடுத்த கடிதமும் கைகொடுக்கவில்லை. அவருக்குத் தெரிந்த ஒரே கடிதம் நற்சான்றுக் கடிதம். றெக்சன் நல்ல குடும்பத்துப் பிள்ளை, குடி வெறி இல்லாதவன், பெரியவர்களுக்கு மரியாதை கொடுப்பவன், நேரத்துக்கு வருபவன் என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார். ரைல் என்ற சொல் அதில் எங்கும் இல்லை. தர்சினி அதை மடித்து, "இது பொம்பிளை பாக்கேக்க உதவும்" என்று திருப்பிக் கொடுத்தாள். சிறி அண்ணை அவள் சொல்லச் சொல்ல வேறொன்று எழுதினார். றெக்சன் வேலை செய்வதை ஐந்து வீடியோ எடுத்தார்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் அவன் கையால் தலைமயிரைச் சரிசெய்தான்.

"இண்டைக்கு வேலை தெரியும் எண்டதுக்கு வீடியோ இருக்கு" என்றாள் தர்சினி. "மூண்டு வருசமாச் செய்யிறியள் எண்டதுக்கு இந்த நீலச் சேட்டுத்தான் சாட்சி. அனுப்புறன். கட்டாயம் நேர்முகத்துக்குக் கூப்பிடுவினம்."

கூப்பிட்டார்கள். வைகாசி முதல் கிழமை, காலை பத்து மணி, கணினியில். றெக்சன் வாடகைக்கு இருந்த வீட்டில் இணையம் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். அதனால் சிறி அண்ணையின் வீட்டு அலுவலக அறையில் இருந்தான். அந்த அறைக்கும் குசினிக்கும் இடையில் இருந்தது ஜிப்றொக் சுவர், அட்டை மாதிரி. குசினியில் சிறி அண்ணை தேத்தண்ணீருக்குச் சீனி கலக்கும் சத்தம் கேட்டது. பிறின்சி மடு மாதாவுக்கு நேர்ந்துவிட்டு வேலைக்குப் போயிருந்தாள்.

திரையில் தெரிந்தவர் பெயர் கெவின். நாற்பது வருடம் ரைல் பதித்துவிட்டு முழங்கால் போனதால் பரிசோதகராகிவிட்டவர். முதல் அரை மணித்தியாலம் பாடத்திலிருந்து கேட்டார். தண்ணீர் ஊறாமல் என்ன பூசுவாய், எவ்வளவு சரிவு விடுவாய், எது காய எவ்வளவு நேரம். றெக்சனின் ஆங்கிலம் கட்டடங்களில் படித்த ஆங்கிலம். அதில் பாதி அதிகாரிகளுக்கு முன்னால் சொல்லக் கூடாத சொற்கள். மீதிப் பாதியை வைத்துச் சமாளித்தான்.

பிறகு கெவின் அறுபத்து மூன்று படங்களையும் திரையில் பரப்பினார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

இந்தப் படங்களில் ஒருவர் நன்றாக உடுத்திக்கொண்டு குளியலறை பார்க்க வருகிறார், அதில் தனக்கு ஆட்சேபனை இல்லை என்றார். ஆனால் பார்க்க வருகிறவன் நடுவில் நிற்பான். இவர் ஏன் ஒரு இடத்திலும் நடுவில் நிற்கவில்லை?

சிறி அண்ணை பகிடியாகக் கேட்டதை இவர் உண்மையாகவே கேட்கிறார். வெளிச்சம் என்று சொல்லலாம். கெவினின் முகத்தைப் பார்த்தான். இந்த ஆளிடம் வெளிச்சம் எடுபடாது.

"பிழைக்கு முன்னால் நிற்கிறேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னான்.

கெவின் கதிரையை முன்னால் இழுத்துக்கொண்டார். நாலாவது படம், உன் முதுகுக்குப் பின்னால் என்ன?

அங்கே ஒரு ரைல் மற்றதைவிட ஒரு மில்லிமீற்றர் எழும்பி நிற்கிறது என்றான் றெக்சன். சுவர் வளைவு, முதலே நேராக்கியிருக்க வேண்டும், அவசரப்பட்டுவிட்டேன். ஒன்பதாவது? மூலையில் இரண்டு விரல் அகலத் துண்டு ஒன்று வந்துவிட்டது. நடுவிலிருந்து அளந்து தொடங்கியிருந்தால் வந்திராது. இருபத்திரண்டு? குழாய்க்கு வெட்டிய ஓட்டை பெரிதாகிவிட்டது, மூடி போட்டு மறைத்தேன். முப்பத்தைந்து? கொமட்டுக்குப் பின்னால் இடைவெளிப் பூச்சு ஒரு நிறம் கூட, இரண்டு பைகளைக் கலக்காமல் பாவித்தேன்.

கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்யும்போதுகூட றெக்சன் இவ்வளவு விபரமாகச் சொன்னதில்லை. சொல்லச் சொல்ல விசா கையைவிட்டுப் போகிறது என்றுதான் நினைத்தான். போகிறது போகட்டும், பொய் சொல்லி நின்றதாக இருக்க வேண்டாம் என்றும் நினைத்தான். குசினியில் சீனி கலக்கும் சத்தம் நின்றுவிட்டதை அவன் கவனிக்கவில்லை.

"பதினேழு" என்றார் கெவின். "ஏன் குந்தியிருக்கிறாய்?"

றெக்சன் குசினிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

தொட்டிக்குப் பக்கத்தில், முழங்கால் உயரத்தில் ஐந்து ரைல் என்றான் கடைசியாக. முழுதாகப் பசை பூசாமல், நாலு மூலையிலும் நடுவிலும் உருண்டை உருண்டையாக வைத்து ஒட்டியது. தட்டினால் பொள்ளலாகக் கேட்கும். ஒன்று சரிந்தும் இருக்கிறது.

கெவின் கண்ணாடியைக் கழற்றினார். மற்றதெல்லாம் வேலைக்காரனின் பிழைகள் என்றார். இது முதல் வருடம் பழகுகிறவன் செய்கிற பிழை. குளியலறையில் இப்படி ஒட்டுவது பிழை என்று உனக்குத் தெரியாதா?

தெரியும் என்றான் றெக்சன்.

பிறகு ஏன் செய்தாய்?

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கதிரை கிறீச்சிட்டது. சிறி அண்ணை அங்கே இருக்கிறார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன் றெக்சன். அதோடு இரண்டாவது கதவின் திறவுகோல் சிறி அண்ணையின் பேனையில் இருந்தது. இரண்டில் எது அவன் நாக்கைப் பிடித்தது என்று கேட்டால் அவனுக்கே தெரியாது.

"அன்று மகளுக்குக் காய்ச்சல்" என்றான். "மனம் வேறு எங்கோ இருந்துவிட்டது. என் பிழை."

கெவின் நீண்ட நேரம் எதையோ எழுதினார். முடிவு மின்னஞ்சலில் வரும் என்றார். திரை கறுத்தது.

றெக்சன் வெளியே வந்தபோது குசினியில் ஒருவரும் இல்லை. ஆறிப்போன தேத்தண்ணீர் மேசையில் இருந்தது. வானையும் காணவில்லை.

அடுத்த மூன்று கிழமைகள் சிறி அண்ணை அவனோடு கதைத்தவை எல்லாவற்றையும் ஒரு தபால் அட்டையில் எழுதலாம். "பசையை எடு." "வானை எடு." "சாப்பிட்டியா?" இரண்டு குளியலறைகள் முடிந்தன, படம் எடுக்கவில்லை. நீலச் சேட்டு வானில் தொங்கிக்கொண்டு போய்த் தொங்கிக்கொண்டு வந்தது. அவர் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார் என்பதில் றெக்சனுக்குச் சந்தேகமில்லை. குறையே இல்லை என்று அவர் பேஸ்புக்கில் போட்ட வேலைகளின் குறைகளைக் குலை குலையாக ஒரு வெள்ளைக்காரனுக்கு அவிழ்த்துக் கொட்டியிருக்கிறான். எந்த முதலாளி பொறுப்பான்?

"நீங்கள் ஏனப்பா வாயைத் திறந்தனீங்கள்?" என்று பிறின்சி கேட்டாள்.

"கேட்டார், சொன்னன்."

"அறுபத்து மூண்டுக்குமோ?"

"இல்லை, பதினொண்டுக்குத்தான் நேரம் இருந்தது."

வைகாசி கடைசி வியாழன் தர்சினி போன் பண்ணினாள். முதல் கதவு திறந்துவிட்டது. சொல்லும்போதும் அவள் சிரிக்கவில்லை.

"அறிக்கையில ஒரு குறிப்பு இருக்கு, வாசிக்கிறன். 'தன் வேலையில் குறை எங்கே என்றும், அதை எப்படித் திருத்துவது என்றும் முழுமையாக அறிந்தவர்.' இன்னொண்டும் இருக்கு. 'பதினேழாவது வேலை மற்றவற்றோடு பொருந்தவில்லை. ஒரே கை செய்ததாகத் தெரியாததால் மதிப்பீட்டில் எடுக்கவில்லை.' என்ன அண்ணா அது பதினேழு?"

"அது ஒண்டுமில்லை தங்கச்சி."

"சரி. இனி முதலாளியின்ர கையெழுத்து. திங்கக்கிழமைக்குள்ள வேணும். அறிக்கையை அவருக்கும் அனுப்பியிருக்கிறன்."

வெள்ளியும் சனியும் சிறி அண்ணை அதைப் பற்றி மூச்சு விடவில்லை. சனிக்கிழமை வானை நிறுத்தும்போது மட்டும், "நாளைக்குப் பூசை முடிய வீட்ட வா. பேப்பரையும் கொண்டு வா" என்றார். நல்லதுக்கா கெட்டதுக்கா என்று குரலில் தெரியவில்லை. வானில் சும்மா தொங்கிய சேட்டைப் பிறின்சி எடுத்து, கோயிலுக்கு அதைத்தான் போட வைத்தாள். கோயிலில் றெக்சன் பூசையைக் கேட்கவில்லை. டிலக்சி வாங்கச் சொன்ன பலூன்களின் நிறங்களை மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தான்.

சிறி அண்ணை கதவைத் திறந்து, நேரே குளியலறைக்குக் கூட்டிப் போனார். தேத்தண்ணீருக்கு முதல் குளியலறை, அது அந்த வீட்டு வழக்கம்தான். உள்ளே போன றெக்சன் நின்றுவிட்டான். தொட்டிக்குப் பக்கத்தில் சுவர் மொட்டையாக இருந்தது. ஐந்து ரைல்களும் பெயர்க்கப்பட்டு, முதுகு மேலே தெரியத் தரையில் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஐந்து பசை உருண்டைகள், மோதகம் மாதிரி.

சிறி அண்ணை கொமட் மூடியின் மேல் உட்கார்ந்தார்.

"இது ஆர்ர வேலை?"

"என்ர, அண்ணை."

"டேய். அண்டைக்கு நீ பிள்ளையை டொக்டரிட்டக் கொண்டு போயிட்டாய். நீ திரும்பி வர முதல் நான் வைச்சு முடிச்சிட்டன்."

றெக்சன் ரைல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வந்த உடன கண்டனியோ?"

"ஓம் அண்ணை. பசை இறுகிப் போச்சு."

"ரெண்டு வருசமா வாற போற சனத்துக்கெல்லாம் இதைக் காட்டினனான்."

"ஓம் அண்ணை."

"நீயும் பக்கத்தில நிண்டு தலையாட்டினனி."

"ஓம் அண்ணை."

சிறி அண்ணை முழங்காலைத் தடவிக்கொண்டார். முகம் கோபமாகத்தான் இருந்தது, கண் மட்டும் கலங்கியிருந்தது. "பிழைக்கு முன்னால நிண்டனெண்டு நீ சொல்லேக்க, என்ர பேரைக் கெடுத்துப்போட்டானே எண்டுதான் முதல் நினைச்சன். பிறகு பதினேழைக் கேட்டான் அந்த மனுசன். முதல் வருசப் பழகுநன் எண்டான். நீ 'என் பிழை' எண்டாய். உன்ர விசா போகும் எண்டு தெரிஞ்சுமோடா சொன்னனி?"

"அப்ப யோசிக்கேல்ல அண்ணை."

"மூண்டு கிழமை எனக்கு உன்ர முகத்தைப் பாக்க வெக்கம். அதான் கதைக்கேல்ல. கோவமில்லை." கையை நீட்டினார். "பேப்பரைத் தா."

படிவத்தை முழங்காலில் வைத்துக் காட்டிய இடமெல்லாம் கையெழுத்து வைத்தார். வேலையின் பெயர் என்ற இடத்தில் தர்சினி "ரைலர்" என்று அச்சடித்திருந்ததை விரலால் தடவிப் பார்த்தார்.

"நீ போனா என்ர பிழைக்கு முன்னால ஆரடா நிக்கிறது?" என்றார்.

றெக்சன் மூலையில் புது ரைல்கள் ஐந்தும், ஒரு வாளி பசையும், அதைப் பூசும் கரண்டியும் இருப்பதைக் கண்டான். பூசைக்குப் போட்ட சேட்டோடு முழங்காலில் இறங்கி, சுவரில் இருந்த பழைய பசையைச் சுரண்டத் தொடங்கினான். சேட்டைக் கழற்றச் சொல்லி சிறி அண்ணை இரண்டுதரம் சொன்னார். சுவரைச் சுத்தமாக்கி, முழுதாகப் பசை பூசி, கரண்டியின் பல்லால் இழுத்து, ஐந்தையும் வைத்தான். மட்டம் பார்த்தான், ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தான். எங்கும் ஒரே சத்தம். நீலச் சேட்டில் பசை, காற்சட்டை முழங்காலில் பசை, தலைமயிரிலும் கொஞ்சம்.

வாசலில் தவநாயகி தேத்தண்ணீரோடு வந்து நின்று, "அறுபத்து நாலாவதோ இது?" என்று கேட்டார்.

"இல்லை, பதினேழுதான்" என்றார் சிறி அண்ணை. "நாயன்மார் அறுபத்து மூண்டு பேர்தான். கூட்டாதை." சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். "எழும்படா. ஒரு படம் எடுப்பம். கொம்மாவுக்கும் அனுப்பு."

"அண்ணை, முகம் கழுவிப்போட்டு வாறன்."

"ஒரு முகமும் கழுவ வேண்டாம். போய் நில்லு."

றெக்சன் எழும்பினான். வழக்கம்போலக் கண் சுவரில் பிழையைத் தேடியது. இடமிருந்து வலமாக ஒருதரம் பார்த்தான், கீழிருந்து மேலாக ஒருதரம் பார்த்தான். கையில் கரண்டியோடு, எங்கே நிற்பது என்று தெரியாமல் அப்படியே நின்றான்.